பாலை விடுங்கள், புற்றைக் கொடுங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், சிங்கப்பூரின் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் ஊர்வனவற்றைப் பல ஆண்டுகள் பராமரித்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: என் மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். செப்டம்பரில் ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பின் குட்டி ஒன்று வாங்கினான். இன்னும் ஒரு வயது ஆகவில்லையாம். எடை 400 கிராம். வந்த வாரம் ஒரு எலி சாப்பிட்டது, அதோடு சரி. ஏழு வாரமாக எதையும் தொடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் எலியைக் காட்டுகிறான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பெரிய கண்ணாடித் தொட்டி; கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடியில் ஒரு சூட்டுப் பாய். வேலை முடிந்து வந்ததும் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருப்பான். எனக்குப் பாம்பென்றாலே நடுக்கம். ஆனாலும் காலையில் எழுந்து அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தால், பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டதுபோல மனசு அடித்துக்கொள்கிறது. பாலும் முட்டையும் வைத்துப் பார் என்றேன், சிரிக்கிறான். டிசம்பரில் அங்கே போய் மூன்று வாரம் தங்கப் போகிறேன். நான் என்ன செய்யலாம்?
(ஒரு தாய், ஈசூன்)

பதில்: அம்மா, மகனைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னதில் பாதி சரி. என் தாயாரும் வெள்ளிக்கிழமைகளில் கோயில் புற்றுக்குப் பாலும் முட்டையும் கொண்டுபோனவர்தான்; செம்பை நான்தான் தூக்கிப் போவேன். பால் பாம்புக்கு ஆகாது. குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் இனமில்லை அது, பாலைச் செரிக்கும் வயிறும் அதற்கு இல்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதை வைத்தாலும் நக்கும், அவ்வளவுதான். முட்டையை மட்டுமே தின்று வாழும் பாம்பு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆனால் உங்கள் மகனிடம் இருப்பது அதில்லை. இது எலியும், சில சமயம் பறவையும் பிடித்துத் தின்னும் சாதி.

சரியான பாதி எது என்றால், புற்று. இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் பகல் முழுக்க எலி வளையிலும் கறையான் புற்றிலும் சுருண்டு கிடக்கும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் பழமொழியாகச் சொல்வது அதற்கு அன்றாட வாழ்க்கை. இருட்டு, நாலு பக்கமும் உடம்பில் உரசும் சுவர், கதகதப்பு. இந்த மூன்றும் இருந்தால் அதற்குப் பசிக்கும். பயம் இருக்கும் இடத்தில் ராயல் பைத்தான் சாப்பிடாது. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பால் பைத்தான் என்ற அதன் இன்னொரு பெயர் அப்படித்தான் வந்தது; அந்தப் 'பால்' ஆங்கிலத்தில் பந்து (ball), குடிக்கும் பால் இல்லை. வீடியோவில் நீங்கள் பார்ப்பது தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது அந்தத் தொட்டியை அதன் கண்ணால் பாருங்கள். நாலு பக்கமும் கண்ணாடி. பக்கத்தில் டிவி வெளிச்சம், ஆட்கள் நடமாட்டம். மாலையானால் ஒரு கை வந்து தூக்குகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூக்குக்கு நேரே ஒரு எலி வந்து ஆடுகிறது. உங்கள் மகன் பாசத்தில்தான் இதையெல்லாம் செய்கிறார், எனக்குத் தெரியும். நானும் அப்படிச் செய்தவன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பறிமுதல் செய்யப்பட்ட ஒரு பெண் ராயல் பைத்தானை என் பொறுப்பில் விட்டார்கள். நாலு மாதம் எதையும் தொடவில்லை. நான் விடவில்லை. காலை ஒரு எலி, மாலை ஒரு எலி, வெள்ளை, கறுப்பு, பெரியது, சின்னது என்று காட்டிக்கொண்டே இருந்தேன். இருந்த இடத்தை வாரம் ஒருமுறை மாற்றினேன். கடைசியில் மூத்த பராமரிப்பாளர் ஒருவர் வந்து பார்த்தார். மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். ஒரு மரப்பெட்டியில் காய்ந்த இலையைக் கொட்டி, தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பாம்பை உள்ளே விட்டு, "பத்து நாள் இந்தப் பக்கமே வராதே" என்றார். பதினோராவது நாள் அந்தி நேரத்தில் ஓட்டைக்கு முன்னால் சூடான எலியை இடுக்கியில் பிடித்தேன்.

அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் நாக்கு மட்டும் வெளியே வந்தது. வேகமாக அல்ல, மெதுவாக, ஒவ்வொரு முறையும் சற்று நேரம் காற்றில் நின்று. பிறகு மூக்கு. மேலுதட்டு ஓரமாகச் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும். சூட்டை உணர்வது அவற்றால்தான். கழுத்து பின்னுக்குப் போய் வளைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து நான் பார்த்தது எலியை மூன்று சுற்றுச் சுற்றிய உடம்பைத்தான். பாய்ந்ததைக் கண் பிடிக்கவில்லை. இறுக்கிப் பிடித்தபடி கால் மணி நேரம் அசையாமல் இருந்தது. அப்புறம் பிடியைத் தளர்த்தி, எலியின் தலை எந்தப் பக்கம் என்று மூக்காலேயே தேடிக் கண்டுபிடித்து, தலை வழியாக விழுங்கியது. முடிந்ததும் தாடையை இரண்டு முறை கோணலாகத் திறந்து மூடி ஒழுங்குபடுத்திக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலையே எடை பார்க்கத் தூக்கினேன். விழுங்கிய எலியை அப்படியே கக்கிவிட்டது. அந்தத் தவறு என்னுடையது. அடுத்த வாய் சாப்பிட அதற்கு இன்னும் மூன்று வாரம் ஆனது.

அதனால் மகனிடம் முதலில் சொல்ல வேண்டியது: இன்றிலிருந்து பத்து நாள் எலியும் வேண்டாம், கையும் வேண்டாம். தண்ணீர் மாற்ற மட்டும் திறக்கட்டும். தொட்டியைக் கூடத்திலிருந்து எடுத்து ஆள் நடமாட்டம் இல்லாத அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். மூன்று பக்கக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடிவிடலாம். உள்ளே இரண்டு மறைவிடம் வேண்டும். ஒன்று சூடான பக்கத்தில், ஒன்று குளிர்ந்த பக்கத்தில். ஒன்றுதான் இருந்தால், சூடா பாதுகாப்பா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பாம்பு பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், குளிரில் கிடந்து செரிமானத்தைக் கெடுத்துக்கொள்ளும். மறைவிடம் பெரிதாக இருக்கக் கூடாது. சுருண்டு படுத்தால் முதுகு சுவரில் பட வேண்டும். கடையில் வாங்கினாலும் சரி, விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்த மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் விட்டாலும் சரி. நீங்கள் கட்டிக் கொடுக்கப் போகும் புற்று அதுதான். மீதி இடத்தில் இலை, பிளாஸ்டிக் செடி என்று எதையாவது நிரப்பி, வெட்டவெளியைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது சூடு. நம் ஊரில் இருந்து யோசித்தால் இது பிடிபடாது. இங்கே நடுராத்திரியிலும் 26 டிகிரி. அங்கே நவம்பரில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுத்தால் அறை 16, 17க்கு இறங்கிவிடும். பாம்புக்குச் சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வேண்டும். உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வருகிறது என்பதால், குளிரில் விழுங்கினால் வயிற்றிலேயே கெட்டுப்போகும் என்று அதற்குத் தெரியும். சாப்பிடாமல் இருப்பது அதன் புத்திசாலித்தனம். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்ப வேண்டாம், அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை. முனையில் கம்பி உள்ள டிஜிட்டல் வெப்பமானியைச் சூடான மறைவிடத்துக்குள் வைத்துப் பார்க்கட்டும். சூட்டுப் பாய்க்குத் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி, இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதில் அது இல்லை. இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்கச் சொல்லுங்கள். கட்டுப்பாடில்லாத பாயில் படுத்து வயிறு வெந்த பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு வலி தெரிந்து நகர்வதற்குள் தோல் போய்விடும். ஈரப்பதம் 60 விழுக்காடு இருந்தால் போதும்.

வாங்கிய இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அங்கே என்ன சாப்பிட்டது? சுண்டெலியா, பெரிய எலியா, உயிருள்ளதா, உறைந்ததா, எந்தக் கிழமை, எந்த நேரம்? சுண்டெலியில் வளர்ந்த ராயல் பைத்தானுக்குப் பெரிய எலி உணவு என்றே தோன்றாது, ஒரே குடும்பமாக இருந்தாலும். அப்படியானால் முதலில் பழகியதைக் கொடுத்து, நாலைந்து முறை சாப்பிட்ட பிறகு, பெரிய எலியைச் சுண்டெலிக் கூண்டின் மரத்தூளில் புரட்டி வாசனை ஏற்றிக் கொடுத்து மாற்றலாம்.

பதினோராவது நாள் எப்படிக் கொடுப்பது? உறைந்த எலியை முந்தின ராத்திரி உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மாலையில் பிளாஸ்டிக் பையில் போட்டு, கை பொறுக்கும் சுடுநீரில் கால் மணி நேரம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு இடம் வெந்தும் ஒரு இடம் பச்சையாகவும் போகும், வயிறும் வெடிக்கலாம். ரோமம் நனைந்திருந்தால் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் தலைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்ற வேண்டும். உயிருள்ள எலியின் சூடு, அதாவது 38 டிகிரி அளவுக்கு வரட்டும். உங்கள் மகன் தரும் எலி ஆறிப்போயிருக்கும் என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன். உதட்டுக் குழிகளுக்கு ஆறிய எலி ஒரு கல்லுக்குச் சமம். அளவு, பாம்பின் உடம்பில் பருமனான இடத்தின் தடிமன் இருக்கலாம். 400 கிராம் பாம்புக்கு 40 கிராம் எலி போதும். வெகுநாள் பட்டினிக்குப் பிறகு முதல் எலி அதைவிடச் சின்னதாக இருப்பது நல்லது. விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியில் பிடித்து, மறைவிட வாசலில் லேசாக அசைத்தால் போதும், மூக்கில் இடிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் எடுக்கவில்லையென்றால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுக்கட்டும். காலையில் கிடந்தால் எறிந்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. அப்புறம் முழுசாக ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டால் இரண்டு நாள் தொடக் கூடாது. கக்கிவிட்டால் குறைந்தது பத்து நாள் எதுவும் தரக் கூடாது. கண் நீலமாக மங்கியிருந்தால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். உரித்து முடிக்கும்வரை எலியைக் காட்டவே வேண்டாம். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போகும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பசியில்லாத பாம்பின் முதுகை எலி எலும்பு தெரியக் கடித்துவிடும்.

நீங்கள் டிசம்பரில் போய்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது பாம்பைத் தொடாத வேலை. மூடியுள்ள ஒரு டப்பாவும், சமையலறைத் தராசு மாதிரி ஒன்றும் தனியாக இதற்கென்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் மகன் பாம்பை டப்பாவில் வைக்கட்டும், நீங்கள் எடையைப் படித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, எடை, சூடான பக்கம் எத்தனை டிகிரி, எலி வைத்ததா, எடுத்ததா. நம் கவலை தினம் கூடும், குறையும். தராசுக்கு அது கிடையாது. நல்ல நிலையில் உள்ள ராயல் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தும் எடை கொஞ்சமே குறைவதோடு நின்றுவிடுவதுண்டு. வளர்ந்த ஆண் பாம்புகள் குளிர்காலத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் இது குட்டி. 400 என்பது 360க்கு வந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ, வாயோரம் நுரை இருந்தாலோ எடையெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றே போகட்டும். வாயைத் திறந்து எலியைத் திணிப்பதை மகன் செய்யவே கூடாது. அது மருத்துவரின் கை வேலை.

எலி வைக்கும் டப்பா உறைபெட்டியில் தனித் தட்டில் இருக்கட்டும், உங்கள் மீன் பக்கத்தில் வேண்டாம். தொட்டியில் கை வைத்தவர்கள் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பக்கம் வர வேண்டும். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும்.

கேள்வி: எனக்கு 17 வயது. டெலிகிராமில் ஒருவர் சோளப் பாம்புக் குட்டி விற்கிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு சின்ன டப்பாவில் வைத்தால் யாருக்கும் தெரியாது என்கிறார். சரியாகச் சாப்பிடாத குட்டி என்பதால் விலையும் குறைவாம். வாங்கலாமா?
(மாணவர், உட்லண்ட்ஸ்)

பதில்: வேண்டாம் தம்பி. சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. ஜொகூரிலிருந்து பாலத்தைக் கடந்து கொண்டுவருவது கடத்தல். ஊர்வனவற்றில் நீங்கள் இங்கே வளர்க்கக்கூடியவை இரண்டே இரண்டு: சிவப்புக் காது தெராப்பின் என்ற நீராமை, மலாயப் பெட்டி ஆமை.

சட்டத்தைவிட எனக்கு மனசு வலிப்பது வேறு இடத்தில். மறைத்து வளர்க்கும் பாம்புக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நீங்கள் எந்த மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்? சாப்பிடாத குட்டியைத் தள்ளுபடியில் விற்கிற ஆள் அதைக் காப்பாற்றச் சொல்லி உங்களிடம் தரவில்லை. தன் கையில் சாகக் கூடாது என்று தருகிறார். நான் பராமரித்த பறிமுதல் பாம்புகள் பலவும் அப்படி டப்பாவில் கிடந்து வந்தவைதான். அந்த விற்பனையைத் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அந்தக் குட்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான். பாம்பின் மேல் ஆசை உண்மை என்றால் மழை விட்ட காலையில் பூங்கா ஓரச் செடிகளை நின்று பாருங்கள். கறுப்பும் பச்சையுமாக, முதுகில் சிவப்புப் பூ வைத்த மாதிரி ஒரு மரப்பாம்பு கிளைக்குக் கிளை போகும். அதைப் பார்க்க உரிமம் தேவையில்லை.

கேள்வி: என் பேத்தி விட்டுப்போன தெராப்பினை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காய்ந்த இறால் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறது. உணவு உருண்டை போட்டால் மூக்கால் தள்ளிவிடுகிறது. இப்போது ஒரு கண் லேசாக வீங்கினாற்போல் இருக்கிறது. ஜன்னல் ஓரம் வெயில் படும்படிதான் தொட்டியை வைத்திருக்கிறேன்.
(ஒரு தாத்தா, தோ பாயோ)

பதில்: ஐயா, கண் வீக்கத்தை முதலில் கவனியுங்கள். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு வருடம் இறால் மட்டுமே என்றால் வைட்டமின் ஏ பற்றாக்குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முதல் அடையாளம் இமை வீங்குவதுதான். வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம், கூடினாலும் கெடுதல். கண் தெரியாத ஆமை சாப்பாட்டைத் தேடாது. அதனால் மருத்துவர் பார்த்து, கண் தேறிய பிறகுதான் கீழே சொல்வதைத் தொடங்க வேண்டும்.

காய்ந்த இறால் நம் பிள்ளைகளுக்கு முறுக்கு மாதிரி. மணம் உண்டு, மொறுமொறுப்பு உண்டு, அதையே மூன்று வேளையும் கொடுக்க முடியாது. தெராப்பின் குட்டியாக இருக்கும்போது பூச்சி, மீன் என்று அசைவம்தான் கேட்கும். வளர்ந்த பிறகு பாதிக்கு மேல் கீரை தின்ன வேண்டும். ஆறு வயதில் அது கீரைக்கு வந்திருக்க வேண்டியது, இறால் வரவிடவில்லை.

இறாலை ஒரேயடியாக ஒளித்து வைக்காமல் அதையே தூண்டிலாக்குங்கள். ஒரு பிடி இறாலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் உணவு உருண்டைகளை ஊறப் போடுங்கள். மணம் ஏறிவிடும். காலையில், பசி இருக்கும் நேரத்தில், நாலே நாலு உருண்டை. கால் மணியில் தின்னவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். அன்று வேறு எதுவும் இல்லை. நன்றாகத் தேறிய ஆமை ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உங்களைப் பார்த்துக் கண்ணாடியைச் சுரண்டும், உங்களுக்கு மனசு கேட்காது. அப்போது இறாலைப் போட்டுவிடாதீர்கள் ஐயா, அந்த ஒரு இடத்தில்தான் எல்லோரும் தோற்றுப்போகிறார்கள்.

உருண்டைக்குப் பழகிய பிறகு சாய் சிம் கீரையின் இலை ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். தண்ணீரில்தான் போட வேண்டும். தெராப்பினுக்குத் தரையில் வைத்ததை விழுங்க வராது. துருவிய கேரட், பூசணித் துண்டு இரண்டும் வைட்டமின் ஏக்கு நல்லது. பசலைக்கீரை அடிக்கடி வேண்டாம், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஐஸ்பெர்க் சாலட் இலையில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

ஜன்னல் வெயில் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு இருக்கும், ஓட்டுக்குத் தேவையான புற ஊதாக் கதிர் வராது. ஒரு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, ஏறி உட்கார ஒரு கல் வைத்து, பாதிக்கு நிழல் இருக்கும்படி தாழ்வாரத்தில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் இருபது நிமிடம் வையுங்கள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். காக்கை வரும், ஆமையும் நாம் நினைப்பதைவிட வேகமாக ஏறும்.

எந்தச் சலிப்பிலும் அதைக் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிட வேண்டாம், யாராவது புண்ணியம் என்று சொன்னாலும். நம் நீர்நிலை ஆமைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், தொட்டியில் வளர்ந்தது அங்கே பிழைக்காமலும் போகலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம் வாழும். பேத்தியிடம் இப்போதே பேசி வையுங்கள். மருத்துவர் என்ன சொன்னார், சாய் சிம் இலையை எத்தனையாவது நாள் கடித்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.